ஊர்சுற்றி பஸ்ஸுக்கு ஒரு கை

வீட்டில் அவனுக்கு மேனேஜர் என்று பேர். மேனேஜ்மென்ட் படிக்கப் போவதற்கு வெகு காலம் முன்பே, அரை டிராயர் வயதிலேயே அக்கா வைத்த பேர் அது. தெருப் பிள்ளைகள் விளையாடும்போது யார் எங்கே நிற்க வேண்டும், யார் எப்போது ஓட வேண்டும் என்று சட்டம் போடுவான். தான் மட்டும் ஓட மாட்டான். பிற்பாடு படித்து வந்து அவன் பார்த்த உத்தியோகமும் ஏறக்குறைய அதுதான் என்று வையுங்களேன்.

நகரத்தின் பஸ்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் இலாகாவில் அவனுக்கு வேலை. அவனுக்கு முன்னால் அந்த நாற்காலிகளைத் தேய்த்தவர்கள், போன வருஷம் போன வழியே இந்த வருஷமும் போகட்டும் என்று இருந்தவர்கள். மேனேஜரும் அவனோடு படித்தவர்களும் ஆளுக்கொரு நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஊர் அசைந்தது. ஒருத்தி வீட்டுவசதி இலாகாவுக்குப் போனாள். ஒருத்தன் கடைவளாகம் கட்டும் கம்பெனிக்குப் போனான். மூவரும் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், நகரத்தின் வரைபடத்தை விரித்து, நடுவில் ஒரே ஒரு கோடு கிழித்தார்கள். பஸ் அந்தக் கோட்டில் வளையாமல் ஓடும். பஸ்ஸை நம்பி அவள் குடியிருப்புக்கு அனுமதி கொடுப்பாள். குடியிருப்பை நம்பி கம்பெனிக்காரன் கடை கட்டுவான். சொன்னபடியே நடந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. தூங்கிய பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன்மார்கள் வெளிச்சத்தோடு வீடு திரும்பினார்கள். அதையெல்லாம் பொய் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அதற்கு முன்பு இன்னொரு பஸ் இருந்தது. ஜனங்கள் அதை ஊர்சுற்றி என்று கூப்பிட்டார்கள். எந்தச் சந்துபொந்தைப் பார்த்தாலும் உள்ளே நுழைந்துவிட்டுத்தான் வரும். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம், மார்க்கெட் வாசல், முதியோர் இல்லத்து மதில், கடைசியில் ஆஸ்பத்திரி. பூக்கடைக்காரி கூடையோடு மூச்சிரைக்க வருவது கண்ணாடியில் தெரிந்தால், டிரைவர் தன் சட்டைப் பையில் எதையோ தொலைத்துவிட்டவர்போல் தேடிக்கொண்டிருப்பார். அவள் ஏறிய பிறகு தொலைந்தது கிடைத்துவிடும். மேனேஜரின் அக்கா அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. நின்றே பார்க்கிற வேலையாதலால் முழங்கால் இரண்டும் போய்விட்டன. அத்தான் காலமான பிறகு அவளுக்கென்று இருந்தது தம்பியும், அந்தச் சலவைக்கூடத்துப் பெண்களும், ஜன்னலோரத்து ஒரு சீட்டும்தான். தம்பி படித்தது அவள் மடித்த விரிப்புகளில் என்பதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

தடத்தை மாற்றுவதென்றால் பொதுக்கூட்டம் போட்டு, ஜனங்களைக் கை தூக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அது மேனேஜரே கொண்டு வந்த விதி. கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதையும் படித்துத்தான் வந்திருந்தான். பதில் என்ன வரும் என்று தெரியாத கேள்வியைக் கேட்கவே கூடாது. ஊர்சுற்றியை நிறுத்தட்டுமா என்று அவன் கேட்கவில்லை. இப்போது ஆகிற நேரத்தில் பாதியில் வேலைக்குப் போய்ச் சேர யாருக்கெல்லாம் ஆசை என்று கேட்டான். யாருக்குத்தான் ஆசை இருக்காது? முன் வரிசையில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்த அக்காவின் கை, அவன் கேள்வியை முடிப்பதற்குள் மேலே போய்விட்டது. அதோடு நிற்காமல், பின்னால் திரும்பித் தன் தெருக்காரர்களை ஒரு முறை முறைத்தாள். கூடம் முழுக்கக் கைகள். அத்தோடு ஊர்சுற்றி நின்றுபோனது. தலைவர், அதாவது இலாகாவின் பெரிய தலை, அன்று இரவு விருந்திலும் அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லி வியந்தார். அந்த வித்தையைத் தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னார். மேனேஜரும் தலைகால் புரியாமல் கற்றுக்கொடுத்தான்.

அக்காவை அவன் மறந்துவிட்டான் என்று சொன்னால் பாவம். வரைபடத்தில் பார்த்தான். புது நிறுத்தம் அவள் வீட்டிலிருந்து ஒரு விரற்கடைதான். இடையில் நேர்கோட்டு பஸ் ஓடும் வேகச் சாலை. அதைக் கடக்க ஒரு இரும்புப் படிப்பாலம். ஏறி இறங்கியும் பார்த்தான், நல்ல ஷூ போட்டுக்கொண்டு. அக்காவிடம் கேட்டதற்கு, பக்கம்தானே என்றாள். தினமும் மத்தியானம் அவன் போன் செய்வான். இப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன் என்பாள். அவனும் நிம்மதியாகத் தன் டப்பாவைத் திறப்பான்.

அப்படியே போயிருக்கும். அவன் படித்த கல்லூரியின் பத்திரிகை நடுவில் வந்தது. நகரத்தை மாற்றிய பழைய மாணவர்கள் என்று எழுதப் போகிறார்களாம். அவனுடைய பஸ்ஸால் பயனடைந்த யாரோடாவது நின்று ஒரு படம் வேண்டுமாம். அக்காவை விட்டால் யார்? சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்துவோம் என்று படம் எடுப்பவரையும் அழைத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனான். மேற்பார்வைக்காரம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா வேலையை விட்டு இரண்டு மழைக்காலம் ஆகிறதே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். படம் எடுப்பவர் காமெராவைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. கட்டில்மேல் அவளுடைய துணிகள் எல்லாம் ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கியிருந்தன. அவள் ஒரு போர்வையை உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டான். படிப்பாலத்தை முதல் வாரம் ஏறினாளாம். பிறகு கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஏறினாளாம். ஒருநாள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே வருகிறவர்களும் கீழே போகிறவர்களும் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அத்தோடு விட்டுவிட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டான்.

"சொன்னா நீ என்ன பண்ணுவே? உன் மனசு கஷ்டப்படும். ஊரே உன்னைப் புகழுது, அதுல நான் வந்து என் மூட்டுவலியைச் சொல்லணுமா?"

"அக்கா, தினம் போன்ல..."

"டப்பாவைத் திறக்கிறது நெசம்தான்டா. வீட்டுல உக்காந்தாலும் டப்பாலதான் போட்டுச் சாப்பிடுறேன்."

அன்றைக்கு அவனுக்கு வந்த வெட்கம் சாமானியமானதல்ல. கார் அனுப்புகிறேன் என்றான். விரிப்பு மடிக்கப் போகிறவள் காரில் போய் இறங்கினால் கூட இருக்கிறவர்கள் யார் பேசுவார்கள் என்றாள். அதுவும் சரிதான். அவளுக்கு வேண்டியது வண்டி அல்ல, அந்த பஸ். மறுநாளே தலைவரிடம் போய் ஊர்சுற்றியை மறுபடி விட வேண்டும் என்று நின்றான். தலைவர் சிரித்தார். உன் விதி உனக்குத் தெரியாதா, அடுத்த கூட்டத்தில் கேட்போம், ஒரு கை தூக்கினாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ஒரு கை. மேனேஜருக்கு உயிர் வந்தது. ஊர்சுற்றியில் போனவர்களைத் தேடிப் போனான். பூக்கடைக்காரி ஊரை விட்டே போயிருந்தாள். முதியோர் இல்லத்தில் வருகிறோம் என்றார்கள், எந்த பஸ்ஸில் என்றும் கேட்டார்கள். கூட்டம் நடக்கும் கூடம் இருந்தது வேகச் சாலையில். இலாகாவின் வண்டியில் ஆள் சேர்த்தால் கூட்டமே செல்லாது. கடைசியில் அக்காவை மட்டும் தன் காரில் ஏற்றிக்கொண்டான். நீ கை தூக்கினால் போதும் என்று வழியெல்லாம் சொன்னான். அவளும் சரி சரி என்று தலையாட்டினாள்.

கூடத்தில் நேர்கோட்டால் பிழைத்தவர்கள் நிறைந்திருந்தார்கள். அக்கா அதே முன் வரிசையில் உட்கார்ந்தாள். மேனேஜர் தன் கேள்வியை எழுதிப் பையில் வைத்திருந்தான்: பழைய பஸ் யாருக்கு வேண்டும்? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எந்த வித்தையும் இல்லாமல் எழுதிய கேள்வி. ஆனால் எழுந்து மைக்கைப் பிடித்தது தலைவர். இந்த நகரத்துக்கு இவர் செய்ததை யார் செய்தார்கள் என்று ஆரம்பித்து, அவன் தோளில் கை போட்டு, கூட்டத்தைப் பார்த்தார்.

"நம்ம தம்பி செஞ்சது தப்புன்னு நினைக்கிறவங்க மட்டும் கை தூக்குங்க."

கற்றுக்கொடுத்த வித்தையை மேனேஜருக்கே திருப்பிக் கொடுத்தார் தலைவர். அவன் அக்காவைப் பார்த்தான். தூக்கு, தூக்கு என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் மடியில் ஒரு கைக்குட்டை இருந்தது. அதை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பாதியாக, மறுபடி பாதியாக மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் அதிலேயே இருந்தன. அவன் பையிலிருந்து காகிதத்தை எடுப்பதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. ஒரு கையும் இல்லை, விஷயம் முடிந்தது என்று தலைவர் அறிவித்தார்.

அவளைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினான். தானும் ஏறி, ஏன்க்கா தூக்கலை என்றான்.

"அவங்க உன்னைப் பத்திதானேடா கேட்டாங்க? பஸ்ஸைப் பத்திக் கேட்டிருந்தா தூக்கியிருப்பேன்."

அவனுக்கு அழுகை வந்தது. மறைக்காமல் அழுதான். அவள் மடித்து வைத்திருந்த கைக்குட்டையைக் கொடுத்தாள்.

வேகச் சாலையை விட்டு, ஊர்சுற்றி போன சந்துகளுக்குள் காரைத் திருப்பினான். பழைய நிறுத்தங்கள் வரும்போதெல்லாம் அவள் யாராவது நிற்கிறார்களா என்று ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது கொஞ்சம் நிறுத்து என்றாள். நிறுத்தினான். உள்ளே சலவைக்கூடத்து நீராவி மதிலுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, சரி போ, உனக்கு வேலை இருக்கும் என்றாள்.