எலி ஓடாத வீடு

பயந்தவர்களுக்குக் கண் கூர்மை என்பார்கள். நம்பிவிடாதீர்கள், கண்ணுகளா. பயந்த கண் ஒரே ஒரு பொருளைத்தான் தேடும். மற்றதெல்லாம் எதிரே நின்றாலும் அதற்குத் தெரியாது. பிரிஜெட்டின் கண் எலியைத் தேடியது.

பெங்களூருக்குப் பிளேக் வந்து நாலாவது வருஷம் அது. குளிர் இறங்கினால் நோயும் இறங்கும், பங்குனி வெயில் ஏறினால் கொஞ்சம் அடங்கும். ஊர்க்காரர்கள் அதோடு பழகிப்போயிருந்தார்கள். புதிதாக வந்தவள் எப்படிப் பழகுவாள்? பிரிஜெட்டுக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி மூன்றே மாதம். திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமம். கணவன் ஆம்ப்ரோஸுக்குப் பெங்களூர்த் தண்டில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருக்கிற பகுதியில், ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை கிடைத்து இருவரும் டிசம்பர் முதல் வாரம் ரயிலேறினார்கள். அதே வேலையைப் பார்த்தவன் ஐப்பசியில் நோய் கண்டு போய்விட்டான் என்பதை ஆம்ப்ரோஸ் அவளிடம் சொல்லவில்லை.

சொல்லாவிட்டால் என்ன, ஜோலார்பேட்டையிலேயே அவள் பார்த்துவிட்டாள். பெங்களூரிலிருந்து வந்த எதிர் வண்டியை நிறுத்தி, சனங்களை வரிசையாக இறக்கி, டாக்டர் ஒருவர் கழுத்தையும் அக்குளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். பச்சைச் சேலை கட்டிய ஒருத்தியிடம் வந்ததும் கை நின்றது. அவளை மட்டும் தனியே கூட்டிப்போனார்கள். புருஷன்காரன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனான், பிறகு விடச் சொன்னார்கள், விட்டான். பிரிஜெட்டின் வண்டி நகர்ந்துவிட்டது. எதிர்த் திசையில் போகிற வண்டி.

பெங்களூரில் ஜெயராஜ் என்று ஆம்ப்ரோஸுக்கு ஒரு சிநேகிதன், அதே அச்சுக்கூடத்தில் வேலை. ஒற்றை அறை வீடு, முதலில் அங்கேதான் தங்கினார்கள். அவனுடைய மாமனார் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது பிரிஜெட்டின் அம்மா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பினாள்: எலி செத்து விழுந்த வீட்டில் ஒரு நிமிஷம் நிற்காதே. மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் போகிற வழியில் அந்தப் பேச்சு அவள் மனசில் கொஞ்சம் கோணிக்கொண்டது. எலியே இல்லாத வீடாகப் பார்த்துவிட்டால் எலி எங்கேயிருந்து விழும் என்று அவள் யோசித்தாள்.

முதலில் ஜோகுபாளையத்தில் ஓர் அறையைப் போய்ப் பார்த்தார்கள். மதலைமுத்து என்கிற கொத்தனாரின் வீடு, பின்பக்கத்து அறை வாடகைக்கு. தெருவுக்குள் நுழையும்போதே காது அடைத்தது. குழாயடியில் இரண்டு பெண்களுக்குச் சண்டை, அதை விலக்க நாலு பெண்கள். யாரோ தகரம் தட்டுகிறார்கள். இன்னொரு வீட்டில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இப்போதே தொண்டையைத் தீட்டுகிறார்கள். கோழி, ஆடு, காயப்போட்ட மிளகாய், அதன்மேல் ஓடுகிற பிள்ளைகள். கொத்தனாரின் மனைவி டோரதி, முப்பதுகூட இருக்காது, இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை நோயலோடு வந்து அறையைத் திறந்து காட்டினாள்.

அறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பட்டப்பகலில், விட்டத்தின் மேல், ஒரு கொழுத்த எலி தேங்காய்ச் சில்லைக் கவ்விக்கொண்டு நிதானமாக நடந்து போயிற்று.

பிரிஜெட் வாசலுக்கு வந்துவிட்டாள். டோரதி சிரித்தாள்.

"அவரு எங்களுக்கு முன்னாடியே குடி வந்தவரும்மா. வாடகை மட்டும் குடுக்க மாட்டாரு."

பிரிஜெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று ஆம்ப்ரோஸை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள், ஜோகுபாளையத்தை ஒட்டிய ஏரிக்கு அந்தப்பக்கம் இன்னொரு வீடு பார்த்தார்கள். அகலமான தெரு. சத்தமே இல்லை. வீட்டுக்காரர் மைசூரில் இருக்கிறாராம், அவருடைய ஆள் ஒருவர் சாவியோடு வந்திருந்தார். அவர் உள்ளே வரவில்லை. முழங்கால் வலி, படியேற முடியாது என்றார். இருந்தது இரண்டே படி. கையை எட்ட நீட்டிச் சாவியைக் கொடுத்தார்.

வீடு முழுக்கப் புதுச் சுண்ணாம்பு, பாலில் முக்கியெடுத்ததுபோல இருந்தது. வாசனை மூக்கைச் சுட்டது. கூரையில் ஓடுகளைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். பழைய ஓட்டுக்கு நடுவே புது ஓடு சிவந்து தெரிந்தது. பிரிஜெட் முழங்காலிட்டு மூலை மூலையாகப் பார்த்தாள். ஒரு வளை இல்லை. ஒரு புழுக்கை இல்லை. அடுப்புக்குப் பின்னால்கூடச் சுரண்டித் துடைத்திருந்தது.

அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பார்கள். பட்டணத்துக்காரர்கள் இதிலும் முந்திக்கொள்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். இந்த வீட்டுக்காரர் நல்ல கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். ஆம்ப்ரோஸுக்கு அவள் முகம் தெளிந்ததே போதும். அன்று சாயங்காலமே மூட்டையோடு வந்துவிட்டார்கள்.

முதல் நாள் அவள் நிம்மதியாகச் சமைத்தாள். இரண்டாம் நாள் ஆம்ப்ரோஸ் வேலைக்குப் போன பிறகு, வாசலில் நின்று யாராவது வந்தால் பேசலாமென்று பார்த்தாள். யாரும் வரவில்லை. எதிர் வீடு பூட்டியிருந்தது, அதற்குப் பக்கத்து வீடும். தெருக்கோடி வரைக்கும் எண்ணினாள். பதினோரு வீடு, ஒன்றிலும் அடுப்புப் புகை இல்லை. எல்லாச் சுவரும் ஒரே வெள்ளை. ஒரு நாய் தெருமுனை வரை வந்தது, நின்றது, திரும்பிப் போயிற்று. எல்லாரும் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. உள்ளே வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டாள். உள்ளே இருந்தாலும் பயம், வெளியே வந்தாலும் பயம். ஏன் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை தெருமுனையில் தயிர்க்காரியின் குரல் கேட்டது. மனுஷக் குரல். பிரிஜெட் ஓடிப்போய்க் கூப்பிட்டாள். தயிர்க்காரி ஹெப்பகோடிப் பக்கத்திலிருந்து வருகிறவள், கன்னடம் கலந்த தமிழ். தான் அந்தத் தெருவுக்குள் வருவதில்லை, வேண்டுமானால் சட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வா என்றாள். வந்ததும், எந்த மனை என்று கேட்டாள். மூன்றாவது வீடு என்று பிரிஜெட் காட்டினாள். தயிர்க்காரி பானையைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"அங்கயா இருக்கீங்க? ஐப்பசில மூணு பேரைத் தூக்கின மனைம்மா அது. தெருவே காலியாச்சு."

"வெள்ளையடிச்சு வெச்சிருக்காங்களே..."

"அது பண்டிகைச் சுண்ணாம்பு இல்ல. பிளேக் சுண்ணாம்பு. ஓட்டைப் பிரிச்சு வெயில் காட்டி, ஆமேல, அதுக்கப்புறம், அடிச்சாங்க."

"ஒரு எலிகூட இல்லைங்க."

"எப்படி இருக்கும்? அதுங்கதானே முதல்ல செத்துச்சு. எலி ஓடுற வீட்டுல பயமில்லம்மா. ஓடிட்டிருந்த எலி நின்னாத்தான் நாம ஓடணும்."

சட்டியில் உயர இருந்து தயிரை ஊற்றிவிட்டு, காசு வாங்காமலே போய்விட்டாள்.

பிரிஜெட் அப்புறம் வீட்டுக்குள் போகவில்லை. தெருமுனைக் கல்லில் உட்கார்ந்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு ராத்திரி அந்தத் தரையில் பாய் விரித்துப் படுத்ததை, மூலைகளில் முகத்தை வைத்து மோந்ததை நினைக்க நினைக்க உடம்பு அவளுடையதாகவே இல்லை. வெயிலில்தான் சுடுகிறதா, இல்லை உள்ளேயிருந்து சுடுகிறதா? ஒவ்வொரு நிமிஷமும் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் கழுத்து சிவந்துவிட்டது. சிவப்பைப் பார்த்து இன்னும் பயந்தாள். தயிர் அப்படியே புளித்தது.

நாலு மணிக்கு ஆம்ப்ரோஸ் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனும் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் மூட்டையை மட்டும் எடுத்து வந்தான். ஜோகுபாளையம் போவோம் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான், கேட்க அங்கே ஆள் இல்லாதபோதும்.

"இங்க இருந்தோம்னு சொல்லிடாதே. சொன்னா பிளேக் கொட்டகைக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஜெயராஜ் வீட்டுலதான் இருந்தோம்னு சொல்லு."

பச்சைச் சேலைக்காரி அவள் கண்முன் வந்தாள். சரியென்று தலையாட்டினாள்.

ஜோகுபாளையம் அன்றும் அதே சத்தத்தோடு இருந்தது. மூன்று நாளைக்கு முன் காதை அடைத்த சத்தம் இப்போது அவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. இவர்களெல்லாம் உயிரோடு இருக்கிறார்கள், அதனால்தான் இத்தனை சத்தம். இதற்குள் புகுந்துகொண்டால் போதும், தானும் பிழைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. டோரதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, ஊரெல்லாம் சுத்திட்டுக் கடைசில எங்க எலிதான் பிடிச்சுதா?"

ஆம்ப்ரோஸ் முந்திக்கொண்டு ஜெயராஜ் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டான். டோரதி சந்தேகப்படவில்லை. இடுப்புச் சாவியை எடுக்கக் கை வேண்டும் என்று, நோயலைத் தூக்கி பிரிஜெட்டிடம் நீட்டினாள். பிள்ளை வேற்றுமுகம் பார்க்காதது. சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தது.

பிரிஜெட்டின் கை தானாக முன்னால் போயிற்று. பாதியில் நின்றது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினாள்.

"குடுக்காதீங்கக்கா. மூணு நாளா நாங்க ஏரிக்கு அந்தப்பக்கம் சுண்ணாம்பு அடிச்ச வீட்டுல இருந்தோம். எங்களுக்குத் தெரியாது."

டோரதி பிள்ளையை வெடுக்கென்று இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவள் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தான். எதிர் வீட்டுப் பெண் கேட்டுவிட்டாள். அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள். தெரு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அணைந்துகொண்டே போயிற்று. குழாயடியில்கூடப் பேச்சில்லை. யாரோ பிள்ளைகளின் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். கதவுகள் மூடிக்கொண்டன. போலீசுக்குச் சொல்லியனுப்பு என்று ஒரு குரல் கேட்டது.

டோரதி உள்ளே போய்ப் பிள்ளையை விட்டுவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அந்தக் குரலுக்கு என்னவோ பதில் சொன்னாள், அதற்கு இவள் மேல் நாலு வசவு திரும்பி வந்தது. ஆனாலும் பிரிஜெட்டைப் பார்த்துப் பேசினாள்.

"பழைய செங்கல் சூளைகிட்ட எங்க வீட்டுக்காரரு கொட்டாய் இருக்கு. மண்வெட்டி, சட்டி போடுற இடம். அங்க போய் இருங்க. கட்டின துணியைக் கொதிக்க வெச்சுடு. பத்து நாள். பதினோராம் நாள் காலைல ரெண்டு பேரும் எழுந்து நின்னா, வீடு உங்களுது."

நிற்காவிட்டால் என்ன என்று அவள் சொல்லவில்லை. பிரிஜெட்டும் கேட்கவில்லை.

அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்ல? நாலு கம்பு, மேலே கீற்று, சுற்றிலும் வெட்டவெளி. டோரதி வழியாக ஜெயராஜுக்குச் சொல்லியனுப்பி, ஆம்ப்ரோஸ் ஊருக்குப் போயிருக்கிறதாக அச்சுக்கூடத்தில் சொல்ல வைத்தார்கள். தினம் காலையில் டோரதி கஞ்சித் தூக்கோடு வந்து நூறடி தூரத்தில் நிற்பாள். "நிக்கிறீங்களா?" என்று கத்துவாள். இருவரும் வெளியே வந்து நின்று காட்ட வேண்டும். அதன் பிறகுதான் தூக்கைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போவாள். அவள் போனதும் பிரிஜெட் ஆம்ப்ரோஸின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள், அவன் இவளுடையதை. ஜெபமாலை சொல்லும்போதுகூட விரல் மணியை விட்டுக் கழுத்துக்குப் போகும்.

ஆறாம் நாள் ஆம்ப்ரோஸ் எழுந்திருக்கவில்லை. தலை பிளக்கிறது என்றான். உடம்பு சுட்டது. பிரிஜெட் அவன் அக்குளைத் தடவினாள். ஒன்றுமில்லை என்று விரல் சொன்னதை மனசு நம்பவில்லை, மறுபடி தடவினாள். அதற்குள் "நிக்கிறீங்களா?" என்று குரல் வந்துவிட்டது. அவனைத் தோளில் சாய்த்து ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டிவிடலாம் என்று அவள் நினைத்தாள். அவனும் அதற்காகக் கையை ஊன்றினான். அவள் அவனைப் படுக்கவைத்துவிட்டு, தனியாக வெளியே வந்தாள்.

"அவருக்குத் தலைவலிக்கா. சூடும் இருக்கு."

டோரதி தூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். இனி வரமாட்டாள், வந்தால் காக்கிச் சட்டையோடுதான் வருவாள் என்று பிரிஜெட் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் அவள் மட்டும் வந்து, மிளகும் சுக்கும் போட்ட கஷாயத்தைக் கல்லில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் அவனுக்கு வேர்த்தது. குளிரில் கிடந்த சளிக்காய்ச்சல்தான். அது தெரிவதற்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் பிரிஜெட் கண்ணை மூடவில்லை.

பதினோராம் நாள் காலை இருவரும் டோரதி கூப்பிடுவதற்கு முன்பே வெளியே நின்றார்கள். அவள் நூறடியில் நிற்காமல் நேரே நடந்து வந்தாள். பிரிஜெட்டின் தாடையை நிமிர்த்தி, கழுத்தின் இரண்டு பக்கமும், அக்குளிலும், டாக்டரைவிட நிதானமாக அழுத்திப் பார்த்தாள். அவள் விரலும் சில்லென்றுதான் இருந்தது.

"கட்டி ஒண்ணும் இல்ல. எலும்பாத்தான் இருக்கே. வா" என்றாள்.

நடந்து வரும்போது ஒன்று சொன்னாள். உங்களுக்காக எங்கள் தெருவில் நாலு வீட்டார் என்னோடு பேசுவதில்லை, போலீசுக்குப் போகாமல் இருந்தார்களே தவிர மனசு ஆறவில்லை. உன்னைக் கொண்டுபோய் வைத்தால் இன்னும் நாலு வீடு சேரும். நான் சொல்லி அவர்கள் கேட்க மாட்டார்கள், நீதான் ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்க வேண்டும்.

தெரு இவர்களைக் கண்டதும் தகரம் தட்டுவதை நிறுத்தியது. ஆம்ப்ரோஸ் மூட்டையோடு டோரதியின் பின்னால் போனான். பிரிஜெட் எதிர் வீட்டு வாசலுக்குப் போனாள். கதவைத் தட்டினாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரு?"

மறுபடியும் கேட்டார்கள். திரும்பிப் போய்விடலாம்; திரும்பினால் போக வேறு இடம் இல்லை. படியிலிருந்து ஓரடி தள்ளி, கதவைத் திறந்தவுடன் தன் கழுத்து முழுதும் தெரிகிறமாதிரி முந்தானையை விலக்கிவிட்டுக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தெருதான்க்கா" என்றாள். "புதுசா வந்திருக்கேன்."