பெயர் மாற்றப்பட்டுள்ளது

எங்கள் கொட்டகை மேஸ்திரி இளையபெருமாளுக்குப் பத்து வருஷம் சிறை என்று பேப்பரில் வந்தது. அவன் பலாத்காரம் செய்தது என்னை. கேஸ் கொடுத்ததும், அரியலூர் கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சொன்னதும் நான். பேப்பரில் மட்டும் நான் இல்லை. ‘முந்திரிக் கொட்டகைத் தொழிலாளி மலர் (பெயர் மாற்றப்பட்டுள்ளது)’ என்று போட்டிருந்தார்கள். நல்லெண்ணம்தான். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எங்கள் கொட்டகையில் மலர்கொடி என்று ஒருத்தி முந்திரி உடைப்பது அந்த நிருபருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊர் மூளை அபாரம். கேஸ் கொடுத்தது யாரென்று அதுவரை தெரியாமல் தவித்தவர்கள், ‘மலர்கொடியில் பாதியை வெட்டிப் போட்டிருக்கிறான், அதுதான் மாற்றம்’ என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கோர்ட்டுக்கு வருஷக்கணக்கில் ஆனது. இவர்களுக்கு ஒரு டீ போதும். மலர்கொடியை அவள் மாமியார் பக்கத்து ஊரிலிருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்; அங்கிருந்தே அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

என் அம்மாவுக்கோ நிம்மதி. நாமா சொன்னோம், பேப்பர்காரன் போட்டான், நீ வாயைத் திறக்காதே என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்வதும் சொல்லாததும் அவரவர் இஷ்டம். இத்தனை நாள் நானும் சொல்லவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் எனக்கு நடந்ததை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிடுவதா?

கொட்டகைக்குப் போனதும் மலர்கொடியிடம் சண்டைக்கே நின்றேன். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன என்று கேட்டேன். அவளுக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். கொட்டையை உடைத்துக்கொண்டே சொன்னாள்:

“நான் இல்லன்னா அடுத்து யாருன்னு தேடுவாளுவ. உன் வூட்டு வாசல்லதான் வந்து நிப்பாளுவ. சொல்லணும்னா நீ சொல்லு. என் வாயால வராது.”

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம் போகும் டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். மலர்கொடிக்குப் பக்கத்து இடம் மட்டும் காலி. எங்கள் தெரு செல்லக்கண்ணு அக்கா கால் வலிக்க நின்றாளே தவிர, அங்கே உட்காரவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துத் திரும்பினேன்.

“பேப்பர்ல வந்தது இவ இல்ல. நான். என் பேரு வெற்றிச்செல்வி, தெக்குத் தெரு. நல்லா கேட்டுக்குங்க, இன்னொரு தடவ பேர மாத்திப்புடாதீங்க.”

கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார். எனக்கு வெட்கம் வரவில்லை. செல்லக்கண்ணு அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கேஸுந்தான் செயிச்சிட்ட. பேசாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பியேடி.”

“தப்பு பண்ணவனே தப்பிக்கலக்கா. நான் எதுக்குத் தப்பிக்கணும்?”