படகுக்குக் கம்பளம்

ராய்ஸ் டான்பர்க்குக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அறுபத்திரண்டு வயதுக்குள் அவன் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றை நிஜமாக்க இப்போது ஒரு படகையே மாற்ற வேண்டி வந்துவிட்டது.

காலையில் வோனி போன் செய்தாள். அவனோடு இருபத்திரண்டு வருடம் மீன் பிடித்த கிளெமின் மனைவி. கிளெம் ஆற்றில் விழுந்து செத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

"நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா ராய்ஸ்? கிளெம் விழுந்த எடத்துல பூ போடணும். அதே படகுல போகலாம்."

"தாராளமா," என்றான். போனை வைத்த பிறகுதான் படகின் தரை ஞாபகம் வந்தது.

நான்கு மீட்டர் அலுமினியப் படகு அது. மோட்டார் ஓடும்போது முன்னால் இருப்பவன் கத்தினாலும் பின்னால் இருப்பவன் காதில் ஏறாது. அதனால் அந்த ஆற்றில் எல்லோருக்கும் ஒரு வழக்கம்: முன்னால் இருப்பவன் குதிகாலால் தரையில் ஓங்கித் தட்டுவான். டங் என்று ஒரு தட்டு என்றால் மோட்டாரை நிறுத்து. மூளை யோசிக்கும் முன்னே பின்னால் இருப்பவனின் கட்டைவிரல் மோட்டாரை நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிடும்.

அடக்கம் முடிந்த அன்று, கையில் சாண்ட்விச் தட்டோடு வோனி அவனைக் கேட்டாள்: "கிளெம் தட்டலையா ராய்ஸ்?"

"தட்டியிருப்பான். தரை பூரா கம்பளம் போட்டிருந்தேன் வோனி. ஒண்ணுமே கேக்கல."

அவள் அவன் கையைத் தடவிக்கொடுத்தாள். நெஞ்சடைப்பு என்று டாக்டரும் சொல்லிவிட்டார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கம்பளம் வாங்கியது உண்மை. போட்டது பொய். வெறும் தகரத்தில் காலடிச் சத்தம் கேட்டால் மீன் ஓடிவிடும் என்று ராய்ஸ்தான் வாங்கினான். கிளெமுக்குப் பிடிக்கவில்லை. "உன் வீட்டு ஹாலை ஏண்டா ஆத்துக்குத் தூக்கிட்டு வர்ற? ஏறும்போது செருப்பைக் கழட்டணுமா? டீயும் கேக்கும் குடுப்பியா?" அவன் விழுந்த அன்று காலை முழுக்க இதே நக்கல். ராய்ஸுக்குக் கோபம் வந்து முதுகைத் திருப்பிக்கொண்டான். பின்னால் தண்ணீரில் இழுபட்டு வரும் தூண்டில்களையே பார்த்துக்கொண்டு படகை ஓட்டினான். அப்போது கிளெம் தட்டினான். நன்றாகவே கேட்டது. 'மறுபடியும் அதிகாரம் பண்றான், தட்டட்டும்' என்று ராய்ஸ் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தபோது முன்பலகை காலியாக இருந்தது.

இந்த மனுஷனை என்னவென்று சொல்வது? கெட்டவன் இல்லை. வீம்புக்காரன், அவ்வளவுதான்.

கொட்டகையில் தார்ப்பாயை உருவிவிட்டுத் தரையைச் சோப்பு நீரால் தேய்த்தான். அட்டையை வெட்டி அளவெடுத்தான், தண்ணீர் வடியும் துளைக்கு இடம் விட்டுச் சாம்பல் நிறக் கம்பளத்தை வெட்டினான். தரையிலும் கம்பளத்தின் முதுகிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தான்.

டங்.

படகின் முன்பக்கத்திலிருந்து வந்தது. வெயில் ஏறினால் அலுமினியம் விரிந்து சத்தம் போடும், அது அவனுக்குத் தெரியாததா? கொட்டகைக்குள் வெயிலே இல்லை என்பதும் தெரியும்.

அவசரமாகக் கம்பளத்தை விரித்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். ஏறி நின்று குதிகாலால் தட்டிப் பார்த்தான். பஞ்சில் தட்டியது மாதிரி இருந்தது. 'போதும்டா சாமி' என்று மூச்சு விட்டான்.

டங்.

கம்பளத்துக்கு மேலே அவனைத் தவிர யாரும் இல்லை. அடியிலிருந்தும் வரவில்லை. வெறும் தகரத்தில் கனத்த ரப்பர் பூட்ஸ் விழுகிற சத்தம் அது, வேறெதுவும் அப்படிக் கேட்காது. ராய்ஸ் பயந்துபோனான். ஆனாலும் வேலையை விடவில்லை. ஆற்றுச் சேற்றையும் தூண்டில் இரைக்கு வைத்து நாறிப்போன கணவாய் மீன் நீரையும் கொண்டுவந்து புதுக் கம்பளத்தில் பூசினான். ஒரே நாளில் அதைப் பழசாக்கினான்.

மறுநாள் மூடுபனி. வோனி கிளெமின் கோட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் பூக்களோடு முன்பலகையில் உட்கார்ந்தாள். கம்பளத்தைக் குனிந்து பார்த்தாள். ராய்ஸ் மோட்டாரைக் கிளப்பினான். இரண்டு வளைவு தாண்டும் வரை எதுவும் நடக்கவில்லை. பொய் நிலைத்துவிட்டது என்று கொஞ்சம் தைரியம் கூட வந்தது.

டங்.

கட்டைவிரல் பொத்தானை அமுக்கிவிட்டது. மோட்டார் அடங்கியது.

வோனி திரும்பினாள். "இங்கயா?"

"இல்ல, இன்னும் மேல போகணும்."

"அப்புறம் ஏன் நிறுத்தின?"

"நீதானே தட்டின?"

"நான் தட்டல."

அவள் தன் கால்களைப் பார்த்தாள். பிறகு வலது காலைத் தூக்கி, குதிகாலால் கம்பளத்தில் ஓங்கித் தட்டினாள். மோட்டார் ஓடாத அந்த அமைதியிலும் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை தட்டினாள். பனிக்குள் எங்கோ ஒரு நீர்க்கோழி கத்தியது, அவ்வளவுதான்.

"நான் தட்டியிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காதே ராய்ஸ்."

வோனி குனிந்து கம்பளத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். ஈரத்தில் சரியாகக் காயாத பசை நூல் நூலாக இழுபட்டது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"நேத்துப் போட்டியா?"

"ஆமா."

"அன்னிக்கு உனக்குக் கேட்டிருக்கு."

"கேட்டுச்சு வோனி."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எத்தனை தடவை?"

ஒன்று என்று சொல்லலாம். இரண்டு என்றாலும் அவள் நம்புவாள். இந்தத் தண்ணீரின் நடுவில் இன்னொரு பொய் சொல்ல ராய்ஸுக்குத் துணிச்சல் வரவில்லை.

"பதினொண்ணு."

"எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தியா?"

ராய்ஸ் ஆமாம் என்று தலையாட்டினான்.

"படகைத் திருப்பு," என்றாள் வோனி. பூக்களை அவள் ஆற்றில் போடவில்லை. கரை வந்து சேரும்வரை ஒருமுறைகூட முன்பக்கம் திரும்பாமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.