பிறந்தநாள் வரிசை

மே பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. நகருக்கு வெளியே இருக்கும் கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டருக்கான வரிசை மதியத்துக்கு முன்பே குடிநீர்த் தொட்டியைத் தாண்டியிருந்தது.

அதில் நின்றவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலர். பூங்காவுக்கு வந்ததே அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குத்தான் என்று மகன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். வரும் வழியில் காரில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இன்று தானும் ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டும். "பாக்கலாம்பா" என்றான் மகன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உள்ளே நுழைந்ததும் வழக்கமான ஏற்பாடு தொடங்கியது. பெரியவர் வரிசையில் இடம் பிடிப்பார். மகனும் மருமகளும் இரண்டு பேத்திகளும் நிழலில் இருப்பார்கள். வாசலை நெருங்கியதும் அவர் போன் செய்வார். அவர்கள் ஓடி வந்து நுழைந்துகொள்வார்கள். அவர் விலகி அடுத்த வரிசைக்கு நடப்பார். அவருடைய மனைவி மரத்தடியில் பைகளுக்குக் காவல். "அப்பாவுக்கு நிக்கறதுலதான் சர்வீஸ்" என்பான் மகன். முதலில் சில வருடங்கள் அவரும் சேர்ந்து சிரித்தார்.

அன்று ராட்டினத்தையும் படகையும் அப்படிக் கைமாற்றிக் கொடுத்தாயிற்று. மூன்றாவது இது. பின்னால் நின்ற இளைஞன் ஒருவன், கழிவறை வரிசை அந்தப் பக்கம் என்று அக்கறையாகச் சொல்லியிருந்தான்.

அவர் வாசலுக்கு வந்தபோது வானம் இருண்டிருந்தது. மழை வரப் போகிறது, இந்தச் சுற்றோடு நிறுத்துகிறோம் என்று ஊழியர் அறிவித்தார். நால்வரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். மீதமிருந்தது நான்கு பேர் உட்காரும் ஒரே பெட்டி.

"நகருங்கப்பா" என்றான் மகன்.

பெரியவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் ஏறப் போறேன்."

எல்லோரும் பார்க்கிறார்கள் என்றான் மகன். இந்த வயதில் இது தேவையா என்றான். கடைசியில் அப்பாவின் உடல்நிலையைக் காரணமாகப் பிடித்துக்கொண்டான். "நெஞ்சு படபடத்து ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு நான்தானே ஓடணும்?"

"காலையிலேர்ந்து வெயில்ல நிக்க வச்சியே, அப்போ இந்த நெஞ்சு ஞாபகம் வரலையா?" குரல் உயரவில்லை. நாற்சந்தியில் லாரிக்காரர்களை ஓரங்கட்டிய குரல் அது. "பொழுது போகாம அந்த எச்சரிக்கைப் பலகையைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். எனக்கு இதய நோய் இல்ல. முதுகுல ஆபரேஷன் இல்ல. கர்ப்பிணியும் இல்ல. உன் பொண்ணுங்க ஏறட்டும், உன் பொண்டாட்டி ஏறட்டும். நீ நில்லு."

உங்களுக்காகத்தானே மாமா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மருமகள் ஆரம்பித்தாள். எனக்காக வந்திருந்தால் வழி விடு என்றார் அவர்.

ஏறுகிறீர்களா இல்லையா என்று ஊழியர் அவசரப்படுத்தினார். பெரியவர் போய் முன் இருக்கையில் உட்கார்ந்து பூட்டுக் கம்பியைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டார். பேத்திகள் பின்னாலேயே ஓடினார்கள். மருமகள் கணவனைப் பார்த்தாள், கைப்பையை அவன் கையில் திணித்தாள், ஏறிவிட்டாள்.

பெட்டி உச்சிக்குப் போய் ஒரு கணம் தயங்கியது. பிறகு தலைகுப்புறப் பாய்ந்தது. பெரியவர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். அது பயமா, சந்தோஷமா, மிச்சமிருந்த ஆத்திரமா என்று பக்கத்தில் இருந்த பெரிய பேத்திக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடாத இரண்டு வார்த்தைகளை மட்டும் தெரிந்துகொண்டாள்.

அவர் தானாகவே இறங்கினார். யாரையும் பிடிக்க விடவில்லை. எப்படி இருந்தது என்று மரத்தடியில் மனைவி கேட்டார்.

"இன்னொரு தடவை ஏறணும்."

"அப்போ நானும் வர்றேன். பையை உங்க புள்ள பாத்துக்கட்டும்" என்றார் அவர், பக்கத்தில் நின்ற மகனுக்குக் கேட்கும்படி.



செப்டம்பரில் மகன் குடும்பம் மறுபடி அதே பூங்காவுக்குப் போனது. பெரியவர்கள் இருவரையும் அழைக்கவில்லை. எல்லா வரிசைகளும் நீளமாக இருந்தன. இரண்டு சவாரிகளோடு மதியமே வீடு திரும்பினார்கள்.