திங்கட்கிழமையில் ஒரு சூரியகாந்தி

என் கணவருக்கு மறதி என்று சொன்னால் மறதிக்கே கோபம் வரும். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். எந்தக் கட்டிடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டு விஷயம் மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவார். போன மாதம் என் அம்மாவை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வர மறந்துவிட்டார். அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் மாப்பிள்ளையின் அருமை பெருமைகளை விளக்கி முடித்த பிறகுதான் இவர் போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து எங்கள் மகளுக்கு மனசு இளகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள்.

"அப்பா, இதுக்குப் பேரு புல்லட் ஜர்னல். கடையில விக்கிற டைரி இல்ல. நாமளே கோடு போட்டு, நாமளே தேதி எழுதி, நாமளே அலங்காரம் பண்ணணும். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புள்ளி. முடிச்சா அதுமேல பெருக்கல் குறி. தள்ளிப்போட்டா அம்புக்குறி."

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தாள் என்பது இதுதான்.

நோட்டையே கையால் செய்யப்போவதாக அறிவித்தார் மனிதர். தாள்களை மடித்து, குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்தார். மகளுக்குச் சின்னதாகிப்போன கட்டம் போட்ட கவுனை வெட்டி அட்டைக்குப் போர்த்தினார். பசை காய வேண்டும் என்று கோதுமை மாவு டின்னைத் தூக்கி அதன்மேல் வைத்தார். மாவை எடுக்கப் போன என்னைப் பார்த்து, "தொடாத, நோட்டோட முதுகு வளைஞ்சிடும்" என்றார். என் முதுகு வளைவதைப் பற்றி அவர் ஒருநாளும் இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

பிறகு வண்ணப் பேனாக்கள் வந்தன. பூப்போட்ட காகித டேப்புகள் வந்தன. பேனாக்களுக்கு ஒரு பை தைத்தார். அதை மாட்ட ஆணி வேண்டுமே? சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியை எடுத்துக்கொண்டார்.

"என்னங்க, அதுல தேதி பார்ப்பேனே நான்!"

"இனிமே இந்த வீட்டுக்கு ஒரே புத்தகம்தான். தேதி, வேலை, எல்லாம் இதுல. செல்போன்லயும் யாரும் எதையும் குறிச்சு வைக்கக் கூடாது. ரெண்டு இடத்துல இருந்தாத்தான் குழப்பம்."

மறதிக்காரர் எங்களுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. தலைப்பு எழுத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் முழுக்க அம்பு மழை. குழாய் ரப்பர் மாற்று: அம்பு. கண்ணாடிக்கு ஃப்ரேம் பார்: அம்பு. அலங்காரம் செய்யவே நேரம் போதவில்லை, வேலை எப்படி நடக்கும்? எல்லோருடைய மனநிலைக்கும் நாள்தோறும் வண்ணமடிக்க ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். மகளுக்கு மஞ்சள், அவருக்குப் பச்சை. என் வரிசை மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

"இது யாரு போட்டது?" என்று கத்தினேன்.

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து அன்றைய கட்டத்தை நிரப்பினார்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மாதப் பக்கம் அவ்வளவு அழகு. லிஃப்ட்காரரின் இரும்பு அளவுகோலால் போட்ட கோடுகள், மயிரிழை பிசகில்லை. இடது ஓரத்தில் ஒரு கொடி கிளம்பி மேலேறி, மூன்றாவது வரிசையின் முதல் கட்டத்துக்குள் புகுந்து பெரிய சூரியகாந்தியாக விரிந்திருந்தது. காலையில் காப்பியோடு அதைப் பார்க்கிற பழக்கம் எனக்கே வந்துவிட்டது. பார்க்கப் பார்க்க நம்பிக்கையும் வந்துவிட்டது. அங்கேதான் எனக்குப் புத்தி போயிற்று. என் ஓட்டுநர் தேர்வுச் சீட்டை அவர் கையில் கொடுத்தேன்.

அந்தச் சீட்டு என் உயிர். நான் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் பிரிவு ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறார்கள். எங்கள் பெரிய டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த மாசத்துக்குள்ள லைசென்ஸ் வாங்கினா அது உன் பொறுப்பு. இல்லன்னா புதுசா வந்த பொண்ணுக்குக் குடுத்துடுவேன். அவ நல்லா வண்டி ஓட்டுறா." புதுசா வந்த பொண்ணுக்குத் தோள்பட்டை எங்கே இருக்கிறது என்பதே இன்னும் சரியாகத் தெரியாது.

ஏற்கெனவே இரண்டு முறை தேர்வில் கோட்டை விட்டிருந்தேன். வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. தேர்வுக்கு முந்தின நாள்தான் எனக்கு எமன். முந்தின நாள் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. போதாக்குறைக்கு ஒத்திகை என்று இவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தரையில் தேடித் தேடி மிதிப்பார். மறுநாள் மைதானத்தில் என் முழங்கால் தனியாக ஒரு தாளம் போடும். இந்த மாதம் விட்டால் அடுத்த வாய்ப்பு மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

"பதினெட்டாம் தேதி காலையில. நீங்களும் லீவு போட்டுட்டு வரணும். மறந்தீங்க, அப்புறம் நடக்கிறதே வேற."

"எழுதியாச்சு பாரு" என்று தங்க மசியில் எழுதி, சுற்றிலும் டேப் ஒட்டி, நட்சத்திரம் போட்டுக் காட்டினார். வெள்ளிக்கிழமைக் கட்டம். அதற்கு முந்தின வியாழக்கிழமையில் 'மாலை ஒத்திகை' என்று சிவப்பில். ஆக, வெள்ளிக்கிழமை தேர்வு, வியாழக்கிழமை நான் பயப்பட வேண்டிய நாள். எல்லாம் திட்டப்படி.

அந்த வாரம் ஊருக்கே ஏதோ ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை இவர் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு லிஃப்ட் சர்வீஸுக்குப் போனார். அங்கே குடியிருப்பவர்கள் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "நேத்தே வர்றேன்னு சொன்னீங்களே" என்று வறுத்தெடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சிரிக்கிறார். "பாவம், அவங்களுக்குத் தேதியே தெரியல. ஒரு நோட்டு போட்டு வெச்சுக்கிட்டா என்ன?"

புதன்கிழமை மகள் தலையை ஒழுங்காகப் பின்னி, மடிப்புக் கலையாத உடுப்போடு வகுப்புப் புகைப்படத்துக்குப் போனாள். சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "ஃபோட்டோவ நேத்தே எடுத்துட்டாங்கப்பா. நேத்து நான் சட்டையில மை கொட்டிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தேன்ல, அதான் ஃபோட்டோவாம்! எதுக்கு எடுக்கிறாங்கன்னே தெரியாம சிரிச்சு வேற வெச்சிருக்கேன்."

"பொறுப்பில்லாத ஸ்கூல்" என்றார் இவர்.

நானும் ஆமாம் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூன்று பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து ஊரையே கோணல் என்றோம். இன்று என்ன கிழமை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன தேதி என்பதற்கு அந்தப் புத்தகம்தான் வேதம்; கையிலிருந்த செல்போனில் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை. கிளினிக்கில் ஒரு கனத்த மனிதரின் உறைந்துபோன தோளைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். மொத்தமாக மாவு வியாபாரம் செய்பவர். அவர் கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தபோது என் செல்போன் அடித்தது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

"மேடம், எங்க இருக்கீங்க? கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. உங்களுக்கு முன்னாடி கொஞ்சம் பேர்தான் இருக்காங்க."

"நாளைக்குத்தானே மாஸ்டர்?"

"என்ன மேடம் விளையாடுறீங்க? இன்னிக்குத்தான் பதினெட்டு!"

செல்போனைக் காதிலிருந்து எடுத்து முகப்பைப் பார்த்தேன். பதினெட்டு என்றுதான் இருந்தது. சூரியகாந்தி என் கண்முன் பளிச்சென்று விரிந்தது. அதன் கீழே எண் இல்லை. திங்கட்கிழமைக் கட்டத்தைப் பூ முழுசாக அடைத்துக்கொண்டதால், அழகான பூவைக் கெடுக்க மனசு வராமல், பதினைந்தைத் தள்ளிச் செவ்வாயில் எழுதியிருக்கிறார் என் வீட்டுக்காரர். திங்கட்கிழமைக்கே அம்புக்குறி போட்ட மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

"டாக்டரம்மா, கை…" என்றார் மாவு வியாபாரி. அவர் கையை இன்னும் வானத்தை நோக்கிப் பிடித்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னபோது எனக்கு அழுகை முட்டியது. அவர் நல்ல மனுஷன். "அழாதீங்க. கீழ என் மச்சான் வண்டியோட நிக்கிறான். கிளம்புங்க" என்றார்.

அந்த மச்சான் வண்டி ஓட்டிய விதத்தை என்னவென்று சொல்ல? வலப்பக்கம் விளக்கைப் போட்டு இடப்பக்கம் திரும்பினார். சந்தில் எதிரே வந்த குப்பை வண்டியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மாவு வியாபாரி வழியெல்லாம், "டேய், என் ஒரு தோள்தான்டா ஒழுங்கா இருக்கு" என்று அலறிக்கொண்டே வந்தார். நான் பின்சீட்டில் கதவைப் பிடித்தபடி ஒன்றை மட்டும் நினைத்தேன்: இவருக்கே லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்களே!

இறங்கி ஓடினேன். என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை, விரலில் இருந்த ஜெல்லைக்கூட வண்டியில் ஏறித்தான் துடைத்தேன். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து கட்டமாக நட்டிருந்த கம்புகளைக் காட்டினார். பின்னால் எடுத்து உள்ளே நிறுத்தினேன். அடுத்தது மேட்டில் நிறுத்திக் கிளப்ப வேண்டும். இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்த இடம். கிளட்ச்சில் இடது கால். என் மனசு இன்னும் கிளினிக்கிலேயே இருந்தது போல. கிளட்ச்சை, அறுவை சிகிச்சை முடிந்த கணுக்காலை விடுவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது:

"மெதுவா… இன்னும் கொஞ்சம்… வலிச்சா சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றார் அதிகாரி மிரண்டுபோய்.

வண்டி மேட்டில் ஏறிவிட்டது. என் முழங்கால் தாளம் போடவே இல்லை. பயப்படுவதற்கு என்று ஒதுக்கி வைத்திருந்த வியாழக்கிழமை சாயங்காலம் இன்னும் வரவே இல்லையே!

பாஸ். மாஸ்டர் கைதட்டினார். மாவு வியாபாரி வலிக்கிற கையைத் தானாகவே தூக்கிக் காட்டினார். காலையில் நான் பிடிக்காமல் ஏறாத உயரத்துக்கு ஏறியிருந்தது. நான் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். கூடவே கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மத்தியானம் என் கணவரிடமிருந்து அழைப்பு. "சாயங்காலம் ஒத்திகை. மறந்துடாத" என்றார். ஜென்மத்தில் முதல் தடவையாக ஒன்றை ஞாபகம் வைத்திருக்கிறார். "சரிங்க" என்றேன்.

சாயங்காலம் எங்கள் பழைய காரில் ஏறினோம். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் திருப்பத்திலேயே அவர் வலது கால் வேலையைத் தொடங்கிவிட்டது.

"பிரேக்… பிரேக்கப் பிடி… நாளைக்கு இப்படி ஓட்டினா பெயில்தான்."

"ஏங்க, இன்னிக்கு என்ன தேதி?"

புத்தகத்தைத் திறந்து, டேப்பைத் தடவி, "பதினேழு" என்றார்.

"செல்போனப் பாருங்க."

பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். விரல் பின்னோக்கி ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து சூரியகாந்தியில் வந்து நின்றது. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"உன் வேலைய நான் கெடுத்துட்டேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணு ஒழுங்கா பண்ணணும்னு நெனச்சேன். உனக்காகத்தான் இந்த நோட்டையே தெச்சேன்."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாகப் பையிலிருந்து தேர்வுச் சான்றை எடுத்து அந்தச் சூரியகாந்தியின் மேல் வைத்தேன். படித்தார். இன்னொரு முறை படித்தார். எப்படி, எப்போது என்று திக்கினார். சொன்னேன். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார்.

"இன்னிக்கே இந்தப் பக்கத்தக் கிழிச்சிடறேன். சத்தியமா இனிமே இதத் தொட மாட்டேன்."

"கிழிச்சீங்கன்னா தெரியும் சேதி. அடுத்த மாசமும் போடுங்க. முதல் நோயாளி வீட்டுக்கு நான் தனியா போற நாள் ஒண்ணு வரும். அதுக்கு முந்தின நாளைப் பார்த்து இதே மாதிரி பெருசா ஒரு பூ வரைஞ்சிடுங்க."

"தேதி தப்பாயிடுமே?"

"தேதிய நான் செல்போன்ல பார்த்துக்கறேன்."

வண்டியைக் கிளப்பினேன். அடுத்த திருப்பம் வந்தது. அவர் வலது காலைத் தூக்கிச் சீட்டின் மேல் மடித்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.