கம்பிக் கதவின் சான்சலர்

தூதரகத்துக் கம்பிக் கதவருகே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த காவலாளி, வரிசையில் ஏழாவது ஆளாகத் தன் சம்பந்தி நிற்பதைப் பார்த்ததும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஓடி ஒளியவும் வழியில்லை. வாசலைப் போட்டுவிட்டு ஓடுகிற காவலாளியை எந்த நாட்டுக்காரன் வேலைக்கு வைத்துக்கொள்வான்?

எல்லாம் மனைவியின் வாய் செய்த வேலை. மகளுக்கு மாப்பிள்ளை பேசியபோது, "பொண்ணோட அப்பாவுக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார்கள். "தூதரகத்துல சான்சலர்" என்று அந்த அம்மாள் கூசாமல் அடித்துவிட்டாள். உள்ளே ஒரு பெரிய அதிகாரியின் அறைக் கதவில் இருந்த பெயர்ப்பலகையை அவர் என்றைக்கோ வீட்டில் சொன்னதன் பலன். இரண்டு வருஷமாக மகள் புகுந்த வீட்டில் சான்சலர் மகளாக வளைய வருகிறாள். இன்றோடு அவள் மானம் கப்பலேறிவிடும்.

சம்பந்தியும் லேசுப்பட்டவர் அல்ல. நூலகத்தில் முப்பது வருஷம் அகராதிகளோடு குடித்தனம் நடத்தியவர். ஒரு சொல் கையில் சிக்கினால், அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய முறை வந்தது.

"சம்பந்தி, தொப்பிய ஏத்துங்க. மூச்சு முட்டப்போகுது."

காவலாளி தொப்பியை அரை விரல் ஏற்றினார். "அது வந்து... வீட்டுல ஏதோ வாய்தவறிச் சொல்லிட்டா..."

"யாரு சொன்னா வாய்தவறின்னு?" சம்பந்தி கம்பியைத் தட்டிக் காட்டினார். "சான்சலர்ங்கிற சொல்லுக்கு மூலமே லத்தீன்ல இந்தக் கம்பித் தடுப்புதான். அந்தக் காலத்து நீதிமன்றத்துல தடுப்புப் பக்கத்துல நின்ன வாசல்காரருக்குத்தான் முதல்ல அந்தப் பேரு. உள்ள உக்காந்திருக்காரே, அவரு பின்னால வந்தவரு."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே வந்து எதிர்க்கடையில நின்னு பாத்தேன். ஒரு கிழவிக்கு ஃபாரம் எழுதிக் குடுத்துட்டு இருந்தீங்க. நேரா வீட்டுக்குப் போய் சம்மதம்னேன்."

காவலாளிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனுக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவருடைய விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். புகைப்படத்தில் நீலப் பின்னணி.

"வெள்ளைதான் செல்லும் சம்பந்தி. வேற போட்டோ எடுத்துட்டு வந்து கடைசியில நில்லுங்க."

"நான் கூடவா?"

"சான்சலர் சொல்றேன்" என்றார் காவலாளி.

ஒரு மணி நேரம் கழித்து, வரிசையின் கடைசியில் சம்பந்தி கம்பியை நோக்கிக் கையை நீட்டி நீட்டி யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. காவலாளி தொப்பியை நேராக்கிக்கொண்டார். அடுத்து வந்தவர் டோக்கனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.