ஐயாதுரை வில்லை

வெள்ளத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கல்லாப்பெட்டியின் மேல் கொட்டினாள். அத்தனையும் தகர வில்லைகள். கல்லாவில் இருந்த தங்கபாய் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

யுத்தம் வந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் காலணாவைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. மீதிச் சில்லறைக்கு வழியில்லாமல், தங்கபாயின் புருஷன் ஐயாதுரை தகரத்தை வட்டமாக வெட்டி, 'ஐ' என்று எழுத்துக் குத்திக் கொடுக்க ஆரம்பித்தான். வில்லையைக் கொண்டுவந்தால் அவர்களுடைய மளிகைக் கடையில் சரக்கு வாங்கிக்கொள்ளலாம். மோர்க்காரியும் பூக்காரியும்கூட அதைக் காசாகவே வாங்கிக்கொண்டார்கள். அப்போது தங்கபாய்க்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"இம்புட்டு ஏது வெள்ளத்தாயி?"

"ராஜபாளையத்துல பருத்தி எடுத்த கூலி தாயி. துட்டு இல்லைன்னு தரகர் இதத்தான் தந்தாவ. எங்க ஊர்ச்சனம் அம்புட்டுக்கும் இதுதான்."

தங்கபாய்க்குத் தெரிந்து அவர்கள் கடை வில்லை ராஜபாளையத்துக்குப் போனதே கிடையாது. யாரோ கள்ள வில்லை அடிக்கிறான் என்று நினைத்தாள். ஆனால் வெள்ளத்தாயின் கை வெடிப்புகளைப் பார்த்த பிறகு மறுக்க வாய் வரவில்லை. அரிசியை அளந்து போட்டாள்.

மத்தியானம் ஐயாதுரை கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

"இனிமே வந்தா வாங்க மாட்டோம்னு சொல்லிரட்டுமாங்க?"

"வாங்கு." அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கள்ள வில்லைக்கு நாம எதுக்கு அரிசி போடணும்?"

"கள்ள வில்லை இல்லட்டி. எல்லாம் நான் அடிச்சதுதான்."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கையிலிருந்த ரூபாயையெல்லாம் பருத்தி வாங்குவதில் போட்டுவிட்டான். பருத்தி எடுக்கும் கூலிக்குப் பணம் இல்லாமல் வில்லையைத் தரகரிடம் மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறான்.

"பருத்திய வித்தாச்சா?"

"ரயிலெல்லாம் பட்டாளத்துக்குப் போவுது. சரக்கேத்த வண்டி கிடைக்கல." துண்டை உதறித் தோளில் போட்டான். "ராஜபாளையம் போயிட்டு வாரேன். செத்த நேரந்தான்."

பொழுது சாய்ந்தும் அவன் வரவில்லை. விளக்கை ஏற்றிக்கொண்டு தங்கபாய் அரிசி அறைக்குள் போனாள். முன்வரிசை மூட்டைகளுக்குப் பின்னால் இன்னும் இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பின்னால் வெறும் சுவர்.

விடிந்தும் ஐயாதுரை வரவில்லை. வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. கடையைத் திறக்காமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. கடையை அடைத்திருந்த பலகைகளின் இடுக்கு வழியே பார்த்தாள். வெள்ளத்தாய்தான் முதலில் நின்றாள். "நேத்து மொகஞ்சுளிக்காம போட்டாவ, இன்னைக்கும் போடுவாவ" என்று பின்னால் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கபாய் முதல் பலகையைக் கழற்றினாள். தெருமுனை வரைக்கும் பெண்கள். சிலர் இடுப்பில் பிள்ளை இருந்தது. யாரும் முண்டவில்லை, நகரவில்லை. ஒவ்வொருத்தியின் வலது கையும் வில்லைகளோடு இறுக மூடியிருந்தது.